செயின்ட் ஆல்பன்ஸ் நகரத்துத் திரிகைக் கற்கள்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்விச் சங்கத்தின் விழாவில் மாவரைக்கும் ஆலையைப் பற்றிப் பேச ஒரு தலைமையாசிரியர் வந்து நிற்கிறாரே என்று சிலர் வியக்கக்கூடும். சற்றுப் பொறுத்திருங்கள். நான் சொல்லவிருப்பது இங்கிலாந்து நாட்டில் ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த வரலாறு. அது ஆற்றங்கரை ஆலையில் தொடங்குகிறது. எனினும் அதன் நடுவே படித்த மனிதர் இருவர் வருகின்றனர். அவ்விருவர் பொருட்டே இவ்வரலாற்றைத் தேர்ந்தெடுத்தேன்.

தானியத்தை மாவாக்குவது மனித குலத்தின் மிகப் பழைய உழைப்புகளுள் ஒன்று. அவ்வுழைப்பு பெரும்பாலும் பெண்களின் தலையிலும் அடிமைகளின் தலையிலுமே விழுந்தது. கேழ்வரகு திரித்த கைகளின் காய்ப்பை நம் வீட்டு முதியோரிடம் நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். பண்ணை வீட்டு நெல்லைக் குத்திக் கொடுத்துவிட்டு, நொய்யையும் தவிட்டையும் கூலியாக முந்தானையில் ஏந்தி வந்த பாட்டிமாரின் கதையையும் கேட்டிருக்கிறோம். இந்த உழைப்பை ஆற்று நீரிடம் ஒப்படைக்கலாம் என்று ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதன் கண்டுகொண்டான். உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் நீராலையின் அமைப்பை விளக்கி எழுதியிருக்கிறார். கிரேக்கப் புலவர் அந்திபாத்தர், இனித் திரிகை சுற்றும் பெண்கள் கோழி கூவிய பின்னும் உறங்கலாம், அவர்கள் வேலையை நீர் செய்யும் என்னும் கருத்தமைய ஒரு செய்யுளே இயற்றினார்.

அமைப்பு எளியது. ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி, மதகு வைத்து, நீரைச் சக்கரத்தின்மேல் செலுத்துவர். சக்கரம் சுழல, அதன் அச்சு சுழலும். அச்சின் மறுமுனையில் உள்ள பற்சக்கரம் மற்றொரு பற்சக்கரத்தைக் கவ்வி, நிமிர்ந்து நிற்கும் தண்டைச் சுழற்றும். அத்தண்டு அசையாத அடிக்கல்லின் நடுவே புகுந்து மேற்கல்லைச் சுற்றும். மேற்கல்லின் குழியில் தானியத்தைக் கொட்டினால், கல்லில் கொத்திய வரிகளின் வழியே மாவு விளிம்புக்கு வந்து சேரும். நம் ஊரில் அம்மி கொத்துவதுபோல அங்கும் அவ்வப்போது கல்லைக் கொத்திச் சீர் செய்தாக வேண்டும். மற்றபடி இரவு பகல் பாராது நீரே அரைக்கும்.

அந்திபாத்தர் வாழ்த்திய அந்த உறக்கம் ஏழைப் பெண்களுக்குக் கிடைத்ததா என்பதே கேள்வி. ஆலை கட்டப் பணம் வேண்டும். ஆற்றின்மேல் உரிமை வேண்டும். இரண்டும் நிலப்பிரபுக்களிடமே இருந்தன. 1086-ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசன் எடுப்பித்த நிலக்கணக்கில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் பதிவாகியுள்ளன. பிரபுவின் நிலத்தில் வாழ்வோர் பிரபுவின் ஆலையிலேயே அரைக்க வேண்டும் என்பது பல இடங்களில் கட்டாயமாயிற்று. அரைத்த தானியத்தில் ஒரு பங்கு ஆலைக்குச் சேரும். ஆற்றின் வேகத்தைப் பொறுத்து இருபதில் ஒன்று அல்லது இருபத்து நான்கில் ஒன்று என்று சட்டம் சொல்லிற்று. ஆயினும் அளக்கும் மரக்கால் யார் கையில் இருந்தது என்பதை நம் களத்துமேட்டை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இலண்டனுக்கு வடக்கே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில் செயின்ட் ஆல்பன்ஸ் என்ற நகரம் உள்ளது. அதன் அருகே வேர் என்னும் பெயருடைய சிற்றாறு ஓடுகிறது. அந்நாளில் நகரமும் நிலமும் ஆறும் ஆலைகளும் அங்கிருந்த பெரிய கிறித்தவ மடத்துக்கு உரியவை. மடாதிபதியே அவ்வூரின் பிரபு. மாவரைப்பதும் கம்பளித் துணியைத் துவைத்துப் பதப்படுத்துவதும் மடத்து ஆலைகளிலேயே நடைபெற வேண்டும் என்பது அவரது ஆணை. நகரத்தாரோ தத்தம் வீட்டில் கைத்திரிகை வைத்து அரைத்துக்கொண்டனர். இது குற்றமாகக் கருதப்பட்டது. 1274-ஆம் ஆண்டில் வழக்கு முற்றியது. அவ்வழியே அரசி எலினார் வந்தபோது நகரத்துப் பெண்கள் திரண்டு சென்று முறையிட்டனர். திரிகையின் பாரம் அறிந்தவர்கள் அவர்களே அல்லவா? ஆயினும் நீதிமன்றத்தில் மடமே வென்றது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். நீராலை நல்ல இயந்திரமன்றோ? கை வலிக்க அரைக்கும் உரிமைக்காகவா மக்கள் போராடுவர்? ஆம், அதற்காகவே போராடினர். ஆலை எவ்வளவு விரைவாக அரைத்தாலும், அது இன்னொருவனுடையதாய், அங்குதான் போக வேண்டும் என்ற கட்டளையோடு வருமானால், அது மனிதனுக்கு ஓய்வு தருவதில்லை. மெதுவாகச் சுழலும் திரிகை, தன் வீட்டில் தன் உரிமையாக இருந்தது. அவர்களை முன்னேற்றத்தின் பகைவர்கள் என்று ஏளனம் செய்வதை நான் ஏற்பதில்லை.

1327-ஆம் ஆண்டில், அரசியல் குழப்பத்தைப் பயன்படுத்திக்கொண்டு நகரத்தார் மடத்தை முற்றுகையிட்டுத் தங்கள் உரிமைகளுக்கு ஒரு சாசனம் பெற்றனர். உடனே நகரெங்கும் ஏறத்தாழ எண்பது கைத்திரிகைகள் சுழலத் தொடங்கின. அதே ஆண்டில் மடத்துக்குப் புதிய தலைவர் வந்தார். அவர்தாம் நான் சொல்ல வந்த இருவருள் முதல்வர்.

அவர் பெயர் ரிச்சர்டு. வாலிங்ஃபோர்டு என்ற ஊரில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். அவ்வூர்த் துறவி ஒருவர் எடுத்து வளர்த்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பினார். அங்கே கணிதமும் வானியலும் கற்றுத் தம் காலத்து அறிஞர்களுள் தலைசிறந்தவரானார். கோள்களின் நிலையைக் கணிக்கும் கருவி ஒன்றை வகுத்தார். மடத்தில் அவர் அமைக்கத் தொடங்கிய வானியற் கடிகாரம் ஐரோப்பாவின் அரும்பெரும் இயந்திரங்களுள் ஒன்று எனப் போற்றப்பட்டது. பற்சக்கரத்தின் நுட்பத்தை அவரைப்போல் அறிந்தவர் அந்நாளில் வெகு சிலரே. பட்டறைத் தீயருகே பிறந்த சிறுவன் இவ்வளவு உயர்ந்தான் என்றால் எந்த ஆசிரியனுக்குத்தான் உள்ளம் குளிராது?

அந்தக் கொல்லர் மகன் என்ன செய்தார் தெரியுமா? 1331-ஆம் ஆண்டளவில் நகரத்தாரை வழக்காலும் வலிமையாலும் பணிய வைத்தார். சாசனத்தைத் திரும்பப் பெற்றார். வீடு வீடாகத் திரிகைக் கற்களைப் பறித்து வரச் செய்து, அவற்றை மடத்தின் கூடத்துத் தரையில் பாவினார். கற்களைப் பூட்டி வைத்திருக்கலாம், ஆற்றில் எறிந்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. முறையிட வரும் நகரத்தான் தன் வீட்டுக் கல்லின்மேலேயே நின்று முறையிடும்படி செய்தார். அவர் உடலைக் கொடிய நோய் அரித்துக்கொண்டிருந்தது, தொழுநோய் என்பர். அந்த நிலையிலும் கடிகார வேலையையும் கைவிடவில்லை, பிடியையும் தளர்த்தவில்லை. 1336-ஆம் ஆண்டில் மறைந்தார். அவரது அறிவை நான் வணங்குகிறேன். அந்தத் தரையை மன்னிக்க என்னால் இயலவில்லை.

ஐம்பது ஆண்டுகள் அக்கற்கள் அங்கேயே கிடந்தன. வைத்தவர்களும் பறிகொடுத்தவர்களும் இறந்தொழிந்தனர். ஆனால் பேரப் பிள்ளைகள் மறக்கவில்லை. 1381-ஆம் ஆண்டில், தலைக்கு மூன்று குரோட்டு, அதாவது பன்னிரண்டு பென்னி வரி விதிக்கப்பட்டதைத் தொடர்ந்து இங்கிலாந்தின் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தனர். செயின்ட் ஆல்பன்ஸ் மக்களும் எழுந்தனர். அவர்களுக்குத் தலைவராய் நின்றவர் வில்லியம் கிரிண்ட்காப். இவரே நான் சொல்ல வந்த இரண்டாமவர். இவரும் அதே மடத்தின் ஆதரவில் வளர்ந்து, அங்கேயே கல்வி கற்றவர். மடத்துத் துறவிகள் சிலருக்கு உறவினருங்கூட. விரும்பியிருந்தால் மடத்தின் நிழலில் சுகமாக வாழ்ந்திருக்கலாம்.

சூன் மாதத்தில் மக்கள் மடத்துள் புகுந்தனர். சிறைக் கதவைத் திறந்தனர். தங்களைப் பிணித்திருந்த ஏடுகளைச் சந்தைத் திடலில் எரித்தனர். வேட்டையாடும் உரிமை தங்களுக்கும் உண்டு என்பதற்கு அடையாளமாக உயிருள்ள முயல் ஒன்றை ஊர் நடுவே கட்டி வைத்தனர். பின்னர்க் கூடத்துக்குச் சென்று தரையைப் பெயர்த்தனர். பாட்டன்மாரின் திரிகைக் கற்களை வெளியே கொணர்ந்து, உடைத்து, ஆளுக்கொரு துண்டாகப் பகிர்ந்துகொண்டனர். கோயிலில் ஞாயிறுதோறும் மந்திரித்த அப்பத்தைப் பகிர்வதுபோல அது இருந்தது என்று வரலாறு எழுதியவர் குறிக்கிறார்.

எழுதியவர் யார்? அம்மடத்துத் துறவி தாமஸ் வால்சிங்காம். மக்கள்பால் அவருக்குச் சிறிதும் இரக்கம் இல்லை. இழிமக்கள் என்றே பழிக்கிறார். எனினும் இச்செய்திகள் நமக்குக் கிடைப்பது அவர் எழுதுகோலால்தான். நகரத்தார் தம் பக்கத்தை எழுதி வைத்த நூல் நம் கைக்கு வரவில்லை. நம் ஊர்களின் பழைய ஆவணங்களைப் படிக்க முனையும் இளைஞர்கள் இதனை மனத்தில் கொள்வது நன்று. பகைவன் எழுதிய ஏட்டிலும் வரிகளுக்கிடையே நம்மவர் நிற்பர். தேடத் தெரிய வேண்டும்.

மற்றொன்றையும் வால்சிங்காம் கூறுகிறார். பண்டைய மன்னன் ஆஃபா தங்களுக்கு உரிமை வழங்கிய சாசனம் ஒன்று உண்டு, அதன் முதலெழுத்துகள் ஒன்று பொன்னிறமும் ஒன்று நீலநிறமுமாய் மாறி மாறி அமைந்தவை, அதை மடம் ஒளித்து வைத்திருக்கிறது என்று மக்கள் நம்பிக் கேட்டனராம். அப்படி ஒன்றும் இல்லை என்றது மடம். ஏட்டறைக்குள் நுழைய முடியாதவர்கள், உள்ளே இருக்கும் ஏட்டின் நிறத்தைக்கூடக் கனவு கண்டிருக்கிறார்கள். 1927-ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கர் மகாடு நகரத்துச் சவதார் குளத்தில் நீர் அள்ளிப் பருகிய நிகழ்ச்சி இவ்விடத்தில் என் நினைவுக்கு வருகிறது. அங்கே நிலை நேர்மாறானது: குளம் அனைவருக்கும் பொது என்று நகராட்சி 1924-லேயே தீர்மானம் எழுதியிருந்தது, ஏடு இருந்தது, நீர்தான் எட்டவில்லை.

கிளர்ச்சி சில வாரங்களில் நசுக்கப்பட்டது. கிரிண்ட்காப் பிடிபட்டுச் சிறையில் இருந்தபோது, நகரத்தாரிடம் பேசிச் சாசனங்களைத் திருப்பித் தரச் செய்தால் உயிர் பிழைக்கலாம் என்ற நிலை வந்தது. அதற்காகவே அவரை ஊருக்கு அனுப்பினர். அவர் வந்து ஊராரிடம் சொன்னது வேறு: எனக்காக அஞ்சிப் பின்வாங்காதீர்கள், நான் இறந்தால் இந்த உரிமைக்காக இறந்தவனாவேன் என்னும் பொருளில் பேசிவிட்டுச் சிறைக்குத் திரும்பினார். 1381 சூலையில் செயின்ட் ஆல்பன்ஸ் நகரிலேயே தூக்கிலிடப்பட்டார். இரவோடு இரவாக ஊரார் உடல்களை இறக்கி அடக்கம் செய்தனர். அவற்றைத் தோண்டியெடுத்து, இரும்புச் சங்கிலியில் தம் கையாலேயே மீண்டும் தொங்கவிடுமாறு அவர்களுக்கு அரச ஆணை வந்தது.

ஒரே மடத்தின் இரு மாணவர்கள். ஒருவர் கொல்லரின் மகன், மற்றவர் துறவிகளின் உறவினர். பிறப்பை மட்டும் பார்த்து இவர் இப்பக்கம் நிற்பார், அவர் அப்பக்கம் நிற்பார் என்று நாம் கணித்திருந்தால் தவறியிருப்போம். பட்டம் பெற்று அரசுப் பணிக்குச் செல்லும் நம் பிள்ளைகளை வழியனுப்பும் நாள்களில் எனக்கு இந்த இருவரும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றனர்.

ஆலையின் பிற்கால வரலாற்றைச் சுருங்கச் சொல்லி அமைகிறேன். பிரான்சு நாட்டில் பிரபுவின் ஆலைக் கட்டாயம் 1789-ஆம் ஆண்டுப் புரட்சியில் ஆட்டங்கண்டு, 1793-இல் ஈட்டுத்தொகை ஏதுமின்றி அறவே ஒழிக்கப்பட்டது. செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தை 1539-ஆம் ஆண்டில் எட்டாம் என்றி மன்னன் கலைத்தான். கொல்லர் மகனின் கடிகாரமும் காலப்போக்கில் அழிந்தது. ஆற்றங்கரை ஆலைகளுள் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பட்டு ஆலையாக மாறியது. கிங்ஸ்பரி ஆலை என்னும் பழைய கட்டடம் வேர் ஆற்றங்கரையில் இன்றும் நிற்கிறது. 1381-இல் மக்கள் முற்றுகையிட்ட மடத்தின் பெரிய வாயிற்கட்டடமும் நிற்கிறது. நெடுங்காலம் அது சிறைச்சாலையாக இருந்தது. 1871-ஆம் ஆண்டில் அது ஒரு பள்ளிக்கு வந்து சேர்ந்தது. இன்றும் அப்பள்ளியின் பகுதியாகவே விளங்குகிறது. அதுவும் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.