அட்டையில் இருக்கும் இரண்டாவது பெயர்



இந்த மாநாட்டுக்குத் தலைமை ஏற்கும்படி குழுவினர் கேட்டபோது பெருமையும் தயக்கமும் சேர்ந்தே வந்தன. இங்கே முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்களின் நூல்களைப் படித்துத்தான் நான் இந்தத் துறைக்குள் வந்தேன். அவர்கள் முன்னால் நின்று பேசும்போது சொற்கள் தடுமாறினால் பொறுத்துக்கொள்ள வேண்டும். ராக் இசைத்தட்டுகளைப் பற்றித் தமிழில் இரண்டு நாள் உட்கார்ந்து பேச இத்தனை பேர் கூடியிருப்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

குழுவிலிருந்து பிரிந்த கலைஞர் தனியாக வெளியிடும் இசைத்தட்டு எப்படி உருவாகிறது, எப்படி ஏற்கப்படுகிறது என்பது நமக்குக் கொடுக்கப்பட்ட பொருள். பீட்டில்ஸ் பிரிந்த கதையை இந்த அவையில் நான் விவரிக்க வேண்டியதில்லை. 1970 ஏப்ரலில் பால் மெக்கார்ட்னி எல்லாக் கருவிகளையும் தானே வாசித்து ஒரு தட்டு வெளியிட்டார். நவம்பரில் ஜார்ஜ் ஹாரிசனின் மூன்று தட்டுத் தொகுப்பும், டிசம்பரில் ஜான் லெனனின் அந்தரங்க வாக்குமூலம் போன்ற தட்டும் வந்தன. இவற்றைப் பற்றிய கட்டுரைகள் நாளைய அமர்வுகளில் இருக்கின்றன. எழுதியவர்கள் என்னைவிட நன்றாகவே பேசுவார்கள். எனக்குக் கிடைத்த நேரத்தை ஒரே ஒரு தட்டுக்குச் செலவிட அனுமதி கேட்கிறேன். 1971 மே மாதம் வெளிவந்த ‘ராம்’தான் அது.

நேற்றிரவு நிகழ்ச்சி நிரலைப் புரட்டினேன். நான்கு கட்டுரைத் தலைப்புகளில் அந்தத் தட்டின் பெயர் வருகிறது. நான்கிலும் ‘பால் மெக்கார்ட்னியின் ராம்’ என்றே அச்சாகியிருக்கிறது. ஆனால் அட்டையில் இருப்பது பால், லிண்டா மெக்கார்ட்னி என்ற இரண்டு பெயர்கள். பாலின் நீண்ட இசை வாழ்க்கையில் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வெளியான ஒரே ஆல்பம் இது. ஒரு தட்டை ஆராய வருகிறவர் முதலில் படிக்க வேண்டியது அதன் அட்டை. அங்கேயே நாம் ஒரு பெயரை விட்டுவிடுகிறோம். இன்று நான் பேச வந்ததே இதைப் பற்றித்தான்.

தட்டு உருவான விதத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1970 இலையுதிர் காலத்தில் இருவரும் நியூயார்க் சென்றார்கள். அங்கே டிரம்ஸ் கலைஞர்களை ஒவ்வொருவராக வரவழைத்து வாசிக்கக் கேட்டு, டெனி சைவெல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். கிதாருக்கு முதலில் டேவிட் ஸ்பினோசா, பிறகு ஹியூ மெக்ராக்கன். மூவருமே ஸ்டுடியோக்களில் வாசித்துப் பழுத்த தொழிற்கலைஞர்கள். கொலம்பியா ஸ்டுடியோவிலும் ஏ அண்ட் ஆர் ஸ்டுடியோவிலும் ஒலிப்பதிவு நடந்தது. சில பாடல்களுக்கு நியூயார்க் பில்ஹார்மோனிக் கலைஞர்கள் வாசித்தார்கள். மீதி வேலையும் மிக்சிங்கும் லாஸ் ஏஞ்சலிஸில், நார்வேக்காரரான ஐரிக் வாங்பெர்க் கையில் முடிந்தன. இதன் நடுவே, 1970 டிசம்பர் 31 அன்று, பீட்டில்ஸ் கூட்டு நிறுவனத்தைக் கலைக்கக் கோரி பால் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1971 மார்ச் 12 அன்று நீதிபதி ஸ்டாம்ப் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அன்று அந்தத் தம்பதியரின் இரண்டாவது திருமண நாள்.

இனி என் வழக்குக்கு வருகிறேன். லிண்டாவின் பெயர் பணக் காரணத்துக்காகச் சேர்க்கப்பட்டது என்று நம் துறையில் ஒரு கருத்து உறைந்துவிட்டது. பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கருத்தரங்கில், நான் மிகவும் மதிக்கும் மூத்த ஆய்வாளர் ஒருவர் இதை மேடையிலேயே முடிந்த முடிபாகச் சொன்னார். அவையும் ஏற்றுக்கொண்டது. எதிர்த்துப் பேச எழுந்த எனக்கு அன்று நேரம் கிடைக்கவில்லை. அவர்மீது எனக்குள்ள மதிப்பு இன்றும் குறையவில்லை. அவருடைய முடிவை மட்டும் அன்றும் என்னால் ஏற்க முடியவில்லை, இன்றும் முடியவில்லை.

அந்தக் கருத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. பாடலாசிரியராகப் பால் நார்தர்ன் சாங்ஸ் நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தால் கட்டுப்பட்டிருந்தார். அந்த நிறுவனம் 1969-இல் லூ கிரேடின் ஏடிவி வசமாகிவிட்டது. லிண்டா யாருக்கும் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவரல்லர். ஆகவே அவர் பெயர் சேர்ந்த பாடல்களின் பதிப்புரிமையில் ஒரு பாதி, குடும்பத்தின் கைக்கே வந்து சேரும். 1971 பிப்ரவரியில் ‘அனதர் டே’ என்ற பாடல் தனித்தட்டாக வந்தபோதே சச்சரவு மூண்டது. அனுபவமில்லாத ஒருவர் எப்படிப் பாடல் இயற்ற முடியும் என்று உரிமையாளர்கள் கேட்டார்கள். வழக்கும் போட்டார்கள். அது 1972-இல் சமரசமாகி, அதையொட்டிப் பால் ஏடிவிக்காக ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியும் செய்து கொடுத்தார். இவ்வளவும் உண்மை.

ஆனால் இந்த வாதத்தின் ஊற்றுக்கண் எது? எதிர்த்தரப்பின் மனு. பங்கு குறைந்துவிடும் என்று அஞ்சிய ஒரு நிறுவனம் நீதிமன்றத்தில் எழுப்பிய ஐயத்தை, ஐம்பது ஆண்டுகளாக நாம் ஆய்வு முடிவாகப் படியெடுத்து வருகிறோம். வேறெந்தத் துறையில் வாதியின் மனுவைத் தீர்ப்பாகக் கொள்வார்கள்?

தட்டின் மையத்தாளைப் பாருங்கள். பணம்தான் நோக்கமென்றால் எல்லாப் பாடல்களிலும் லிண்டாவின் பெயர் இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. ‘டூ மெனி பீப்பிள்’, ‘ஸ்மைல் அவே’ இரண்டிலும் பால் பெயர் மட்டுமே இருக்கிறது. ‘டியர் பாய்’, ‘அங்கிள் ஆல்பர்ட்’, ‘ஹார்ட் ஆஃப் த கன்ட்ரி’, ‘லாங் ஹேர்ட் லேடி’ ஆகியவற்றில் இருவர் பெயரும் இருக்கின்றன. ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. உரிமைத்தொகையைத் திருப்பிவிட நினைத்தவர் பாதியை ஏன் அப்படியே எதிராளிக்கு விட்டுவைத்தார்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

எதிர்த்தரப்பில் வலுவான ஒரு சான்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ‘அனதர் டே’ பாடலின் தொடக்க வடிவத்தைப் பால் 1969 ஜனவரியிலேயே, பீட்டில்ஸ் ஒத்திகையில் வாசித்திருக்கிறார். ஒலிநாடா இருக்கிறது. அப்படியானால் லிண்டாவுக்கு அதில் என்ன பங்கு என்று கேட்கலாம். அந்த ஒத்திகையில் இருப்பது ஒரு பாட்டின் முளை. நாம் கேட்கும் முழுப் பாடல் நியூயார்க்கில் உருவானது. அதே ஒத்திகையில் ‘த பேக் சீட் ஆஃப் மை கார்’ பாடலும் வாசிக்கப்பட்டது. ‘ராம்’ தட்டில் அது பாலின் பெயரில் மட்டுமே வருகிறது. பழைய சரக்கிலேயே ஒன்றுக்கு இரண்டு பெயர், மற்றொன்றுக்கு ஒரு பெயர். யாரோ பாடலுக்குப் பாடல் யோசித்துத்தான் பெயரிட்டிருக்கிறார்கள் என்று இதிலிருந்து நான் முடிவு செய்கிறேன். வழக்கு முடிந்த பிறகும் அவர்கள் இருவர் பெயரையும் கைவிடவில்லை. 1973-இல் வந்த ‘லிவ் அண்ட் லெட் டை’ பாடலுக்கான ஆஸ்கர் பரிந்துரையிலும் லிண்டாவின் பெயர் இருக்கிறது.

எழுத்தை விடுங்கள், குரலுக்கு வருவோம். ‘டியர் பாய்’ பாடலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட குரல்களைப் பொறுமையாகக் கேளுங்கள். லிண்டாவின் குரல் பயிற்சி பெற்றதல்ல. சுருதியில் அது பாலின் குரலோடு உரசுகிறது, மெல்லிய விளிம்பாகப் பிரிந்து நிற்கிறது. அந்த உரசல்தான் இந்தத் தட்டின் நிறம். பீட்டில்ஸ் காலத்தில் லெனனும் ஹாரிசனும் சேர்ந்து கொடுத்த தடித்த இசைவு இங்கே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு வீட்டுக்குள்ளிருந்து வரும் பாட்டின் நெருக்கம் இருக்கிறது. ‘லாங் ஹேர்ட் லேடி’ பாடலில் லிண்டா தனியாகவே சில வரிகள் பாடுகிறார். அட்டையில் பால் செம்மறிக் கடாவின் கொம்பைப் பிடித்து நிற்கும் படத்தை ஸ்காட்லாந்துப் பண்ணையில் எடுத்தவரும் அவர்தான். புகைப்படக் கலைஞராகப் பெயர் பெற்ற பிறகே அவர் பாலைச் சந்தித்தார்.

இங்கே நம் துறை கவனிக்காமல் விட்ட ஒரு சான்றைச் சொல்ல வேண்டும். ‘ராம்’ தட்டின் பாடல்களை வாத்திய இசையாக மாற்றி, பெர்சி ‘திரில்ஸ்’ திரில்லிங்டன் என்ற கற்பனைப் பெயரில் 1977-இல் ஒரு தட்டு வந்தது. பின்னணியில் இருந்தவர் தாம்தான் என்று பால் 1989-இல்தான் ஒப்புக்கொண்டார். நம்மவர்கள் இதை ஒரு வேடிக்கை என்று அடிக்குறிப்பில் தள்ளிவிடுவார்கள். விமர்சகர்கள் காயப்படுத்திய பிறகு மனத்தைத் தேற்றிக்கொள்ளச் செய்த விளையாட்டு என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எழுதியவர் இந்த அவையில் இருக்கிறார். அவர் தேதிகளை மட்டும் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். தட்டு வெளியானது 1977-இல் என்றாலும், ரிச்சர்ட் ஹ்யூசனின் இசைக்கோர்ப்பில் ஆபி ரோடு ஸ்டுடியோவில் ஒலிப்பதிவானது 1971 ஜூன் நடுவில். ‘ராம்’ கடைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ‘ராம்’ தட்டை அழித்ததாக எல்லோரும் சொல்லும் ஜான் லாண்டாவின் விமர்சனம், ரோலிங் ஸ்டோன் இதழில் ஜூலையில்தான் வந்தது. முழு இசைக்குழுவுக்குக் கோர்ப்பு எழுதி முடிக்க எடுக்கும் காலத்தையும் கணக்கில் கொண்டால், இந்த வேலை இன்னும் முன்பே தொடங்கியிருக்க வேண்டும். தன் பாடல்கள் வேறொருவர் கையில் கொடுத்தாலும் நிற்கும் என்ற உறுதி இருந்தவர் செய்த காரியம் இது.

இன்னொன்றும் அதில் கேட்கிறது. முதன்மைக் குரலைக் கருவிகளிடம் கொடுத்த ஹ்யூசன், குரல்களை முழுவதுமாக விலக்கிவிடவில்லை. மைக் சாம்ஸின் பாடகர் குழுவைக் கூட வைத்துக்கொண்டார். அந்தப் பாடல்களின் எலும்புக்கூட்டிலேயே கூட்டுக்குரல் இருக்கிறது என்பதற்கு ஒரு தேர்ந்த இசைக்கோர்ப்பாளர் தரும் சாட்சியாக இதை நான் எடுத்துக்கொள்கிறேன். மூலத் தட்டில் அந்தக் கூட்டுக்குரலின் ஒரு பாதி யாருடையது?

வரவேற்பைப் பற்றியும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்று எல்லோராலும் ஒதுக்கப்பட்டு, 2012 மறுவெளியீட்டுக்குப் பிறகு உலகம் கண்டெடுத்த தட்டு என்று ஒரு கதை பரவியிருக்கிறது. கேட்க அழகான கதைதான். 1971-இல் ‘ராம்’ பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, அமெரிக்காவில் இரண்டாமிடம். ‘அங்கிள் ஆல்பர்ட் / அட்மிரல் ஹால்சி’ அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது, அடுத்த ஆண்டு இசைக்கோர்ப்புக்காகக் கிராமி விருதும் பெற்றது. அந்த விருது பாலின் பெயரில்தான் போனது; அதன் வாத்தியக்குழுப் பகுதியை ஜார்ஜ் மார்ட்டின் எழுதினார் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். மக்கள் தட்டை வாங்கினார்கள், கேட்டார்கள், நேசித்தார்கள். ஒதுக்கியவர்கள் விமர்சகர்களும் பழைய தோழர்களும்தான். ரிங்கோ வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். லெனன் அதே ஆண்டு ‘இமாஜின்’ தட்டில் நேரடியாகத் தாக்கியே பாடினார்; தட்டோடு, பன்றியின் காதைப் பிடித்து நிற்கும் தன் படத்தையும் அச்சிட்டு வைத்தார்.

‘டூ மெனி பீப்பிள்’ பாடலில் லெனனைக் குத்தும் வரிகள் உண்டு என்பதைப் பாலே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் அன்றைய விமர்சகர்கள் தட்டு முழுவதையும் அந்தச் சண்டையின் ஆவணமாகவே படித்தார்கள். லெனனின் 1970 தட்டில் இருந்த வலியை அளவுகோலாக வைத்துக்கொண்டு, வீட்டையும் வயலையும் மனைவியையும் பாடியதை அற்பம் என்றார்கள். மகிழ்ச்சியைப் பாடுவது எளிது என்ற எண்ணம் அந்தக் காலத்து ராக் விமர்சனத்தை ஆட்டிவைத்தது. அந்த அளவுகோல் தவறானது என்பது என் உறுதியான கருத்து. ரோலிங் ஸ்டோன் இதழே 2020-இல் திருத்தி வெளியிட்ட 500 சிறந்த தட்டுகளின் பட்டியலில் ‘ராம்’ தட்டைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் இதை மறுகண்டுபிடிப்பு என்று எழுதும்போது, முதல் வாரத்திலேயே காசு கொடுத்து வாங்கிக் கேட்ட எளிய ரசிகர்களின் செவியை நாம் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறோம். அவர்களுக்கு 2012 வரை காத்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

எனக்கு ஒதுக்கிய நேரத்தைத் தாண்டிவிட்டேன். மாநாட்டுப் பொருளைப் பொதுவாக அளந்து சொல்லாமல் ஒரு பக்கம் நின்று வாதாடிவிட்டேன் என்று சிலர் நினைக்கலாம். எனக்குச் சொல்லத் தோன்றியது இதுதான். மறுப்பவர்கள் இந்த இரண்டு நாளில் சான்றுகளோடு மறுக்க வேண்டும், நான் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்பேன்.

இளம் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். மறுப்புரை எழுதும் முன் ‘திரில்லிங்டன்’ தட்டை ஒரு முறை முழுதாகக் கேளுங்கள். கட்டுரை வாசிக்கப் போகும் நால்வரிடமும் இன்னொன்று கேட்கிறேன். உங்கள் முடிவுகள் எதுவானாலும் சரி, கட்டுரைத் தலைப்பில் தட்டின் ஆசிரியர் பெயரை அட்டையில் இருக்கிறபடி திருத்திக்கொள்ளுங்கள். ஆய்வுக்கோவை அச்சுக்குப் போவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.