இல்லத்திற்கு அனுப்பிய இறைவன்



பிள்ளைகளுக்கு உத்தியோகம் பற்றி அறிவுரை கூறும் பெற்றோர், ஊதியம் எவ்வளவு, பதவி எத்தகையது என்னும் இரண்டையே பெரிதும் வினவுகின்றனர். அவ்வேலையில் அமர்ந்தபின் மகனோ மகளோ எந்நேரம் வீடு திரும்புவர் என்று வினவுவோர் மிகச் சிலரே. இதற்குச் சேக்கிழார் பெருமான் காட்டும் குங்குலியக் கலயனார் வரலாறு நல்லதொரு விளக்கம்.

திருக்கடவூரிலே இறைவன் திருமுன் குங்குலியத் தூபமிடுதல் அவர்தம் திருத்தொண்டு. வறுமை வந்தது, நிலமும் பிறவும் விலையாயின. மக்கள் பசியால் வாடக் கண்ட மனைவியார், எஞ்சியிருந்த தம் மங்கலத் தாலியை எடுத்துக் கொடுத்து, நெல் கொண்டு வருமாறு வேண்டினார். கடைத்தெரு நோக்கிச் சென்ற கலயனார் எதிரே குங்குலியப் பொதியொடு ஒரு வணிகன் வந்தான். தாலி குங்குலியமாயிற்று! அதனைத் திருக்கோயிலிற் சேர்த்து, அங்கேயே தங்கிவிட்டார். வீட்டில் அன்றிரவும் அடுப்பெரியவில்லை.

இறைவன் திருவருளால் அம்மனை முழுதும் நிதி நிறைந்தது. அதனை முதலிற் கனவில் உணர்ந்தவர் மனைவியாரே என்பது ஊன்றி நோக்கற்பாலது. தாலியைக் கொடுத்தவர் அவரல்லவா? நிதி அளித்ததோடு இறைவன் அமையவில்லை. கோயிலில் இருந்த கலயனாரை நோக்கி, மிகப் பசித்தனை, மனைக்குச் சென்று பாலடிசில் உண்க என்று பணித்தருளினான். தனக்குத் தொண்டு செய்து நின்றவரையே வீட்டிற்கு அனுப்பினான்! கணினி முன் அமர்ந்து செய்யும் பணி அத்தொண்டினும் பெரிதோ?

பொருளின்றி இல்லறம் நடவாது என்பர். உண்மையே, அவ்வீட்டின் துயரும் பொருளின்மையால் வந்ததே. ஆயினும் பொருள் வந்தபின்னும் ஆள் வரவேண்டியிருந்தது. மாதந்தோறும் அயல்நாட்டிலிருந்து பணம் வரும் இல்லங்களில் முதியோர் வாயிலை நோக்கி அமர்ந்திருப்பதன் காரணம் இதுவே.

தொழிலைச் சாக்காகக் கொண்டு பிரிந்தவனையும் சேக்கிழார் காட்டுகிறார். காரைக்காலம்மையாரின் கணவன் பரமதத்தன், கடல் வாணிகம் செய்து பொருளீட்டி வருவதாகச் சொல்லிக் கப்பலேறினான். பாண்டிநாட்டுப் பட்டினமொன்றில் வேறு மணம் புரிந்து வாழ்ந்தான். அம்மையார் காரைக்காலில் மனையறம் காத்திருந்தார்.

பெண்மக்களுக்கு மட்டும் 'வேலைக்கும் போ, வீட்டையும் நீயே பார்' என்று கூறுதல் நேர்மையன்று. இரு பாரத்தை ஒரு தோளில் ஏற்றுவது அறிவுரையாகாது. பணியிடம் எவ்வூர், இரவுப்பணி உண்டா, குழந்தை பிறந்தபின் யார் எதனை ஏற்பர் என்பவற்றை மணம் பேசும் நாளிலேயே மகனிடமும் மகளிடமும் ஒன்றுபோலப் பேசுதல் வேண்டும். நகைக் கணக்குப் பேசும் நேரத்தில் பாதி இதற்குப் போதும்.

வீடு திரும்பிய கலயனார் தொண்டை விடவில்லை. திருக்கடவூருக்கு எழுந்தருளிய சம்பந்தரும் அப்பரும் திருவமுது செய்தது அவர் மனையிலேதான்.