உலர்ந்ததும் இறுகியதும்



வெற்றிலை போடும் பெரியவர்கள் உள்ள வீடுகளில் சுண்ணாம்பு டப்பாவைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் உள்ளிருக்கும் சுண்ணாம்பு வறண்டு வெடித்துக் கிடக்கும். பாட்டி அதில் சில துளி நீர் விட்டுக் குழைப்பார்; அது மீண்டும் வெண்ணெய் போலாகிவிடும். ஆனால் அதே டப்பாவின் விளிம்பில் பல மாதங்களாகப் படிந்திருக்கும் பொருக்கை எத்தனை நாள் நீரில் ஊறவைத்தாலும் அது பழைய சுண்ணாம்பாவதில்லை. இரண்டும் வெண்மையே, இரண்டும் கெட்டியே. எனினும் முன்னது நீரை மட்டுமே இழந்தது. பின்னதோ காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று வேறு பொருளாகவே மாறிவிட்டது. ஒன்று உலர்ந்தது, மற்றொன்று இறுகியது. குழாய் இணைப்புகளுக்குப் பயன்படும் பசைகளையும் பூச்சுகளையும் பற்றி இன்று நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டை ஒட்டியதே.

வீட்டுப் பரணிலோ மாடிப்படியின் அடியிலோ பாதி பயன்படுத்திய பசை டப்பா ஒன்று பெரும்பாலும் கிடக்கும். அவசரத்துக்கு எடுத்துத் திறந்தால் கெட்டியாகி இருக்கும். சிலர் உடனே குப்பையில் எறிந்துவிடுவர். சிலருக்கு எறிய மனம் வராது. மண்ணெண்ணெயோ பெட்ரோலோ தின்னரோ, கைக்கு அகப்பட்டதை ஊற்றிக் கிளறுவர். எறியத் தயங்கும் அந்த மனத்தை நான் குறை கூற மாட்டேன். சிக்கனம் நல்ல குணமே. ஆனால் டப்பாவுக்குள் என்ன நிகழ்ந்தது என்று அறியாமல் ஊற்றுவது சிக்கனமாகாது.

இரும்புக் குழாயின் மரையை எவ்வளவு இறுக்கித் திருகினாலும், மரைக்கும் மரைக்கும் இடையே நத்தை ஓடு போல் சுற்றிச் செல்லும் மெல்லிய இடைவெளி ஒன்று எஞ்சி நிற்கும். அதை அடைப்பதே பூச்சின் வேலை. அடைபடாவிட்டால் என்னவாகும்? நொடிக்கு ஒரு துளி கசிகிறது என்று கொள்வோம். ஒரு நாளைக்கு 86,400 நொடிகள். ஏறத்தாழ 20 துளிகள் ஒரு மில்லிலிட்டர் எனக் கணக்கிட்டால், நாளொன்றுக்கு 4 லிட்டருக்கு மேல்; ஆண்டொன்றுக்கு 1,500 லிட்டருக்கு மேல். கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்கும் ஊர்களில் இக்கணக்கை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

முதலில் மக்கை எடுத்துக்கொள்வோம். வகுப்பறையில் எவரையும் அப்பெயரால் அழைத்தல் தகாது. தச்சரிடம் அது மதிப்புள்ள பொருள். சீமைச்சுண்ணப் பொடியை ஆளிவிதை எண்ணெயில் பிசைந்தால் மக்கு. நீரின் அழுத்தம் இல்லாத இடங்களில், கைகழுவும் தொட்டியின் வடிகுழி விளிம்பின் அடியில் வைப்பது போன்ற வேலைகளுக்கு, இத்தகைய குழைவுகள் பயன்படுகின்றன. மரைகளில் நூல் சுற்றி அதன்மேல் பூசிய பழைய பூச்சுகளும் ஆளிவிதை எண்ணெயில் குழைத்தவையே.

இந்த எண்ணெய் நீரைப்போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனை ஏற்று, அணுத்திரள்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, வலைபோல் இறுகுகிறது. ஆதலின் மக்கு டப்பாவைத் திறந்ததும் மேலே காண்பது தோல் போன்ற ஏடு. அதற்கு மறுவாழ்வு இல்லை. கத்தியால் வழித்து எறிந்துவிடலாம். ஆனால் அந்த ஏடே தன் கீழுள்ள மக்கைக் காற்றுப் படாமல் காத்திருக்கும்! அடியில் இருப்பது விறைத்திருந்தாலும், பெரும்பாலும் எண்ணெய் பிரிந்து போனதால் வந்த விறைப்பாகவே இருக்கும். அதைத் தூய பலகையில் இட்டு, ஆளிவிதை எண்ணெயைத் துளித்துளியாகச் சேர்த்து, உள்ளங்கையின் சூடு ஏற ஏறப் பிசைய வேண்டும். ஒரேயடியாக எண்ணெயைக் கொட்டினால் கொழகொழத்துப் போகும். பிசைந்ததைப் பாலிதீன் தாளில் காற்றுப் புகாமல் பொதிந்து ஓரிரவு வைத்து, மறுநாள் மீண்டும் பிசைக. அப்போதும் விரலிடையே மணல்போல் நெருடினால் அது இறுகிய மக்கு, விட்டுவிடலாம். இன்னொன்று: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆக்ஸிஜனை ஏற்கும்போது எழும் வெப்பம் சுருளுக்குள் தேங்கித் தானே தீப்பற்றுவதுண்டு. துணியை விரித்துப் போட்டு உலர்த்துக.

மீட்கக்கூடியதாயினும் மீட்கக் கூடாத பூச்சு ஒன்றுண்டு. அது ஈய வெள்ளை கலந்த பழைய பூச்சு. தமிழில் காரீயம், வெள்ளீயம் என இரண்டு பெயர்கள் வழங்குவதால் சிலர் மயங்குவர். ஈய வெள்ளை நிறத்தால் வெண்மையாயினும் காரீயத்தின் உப்பு. காரீயத்துக்கு லத்தீன் மொழியில் பிளம்பம் என்று பெயர். பிளம்பர் என்னும் சொல் அதிலிருந்து வந்தது. ரோமானியர் காரீயக் குழாய்களில் நீர் கொண்டுசென்றனர். அந்நாட்டுக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், கிறித்து பிறப்பதற்கு முந்திய நூற்றாண்டிலேயே, காரீய வேலை செய்வோரின் வெளிறிய முகத்தைச் சுட்டிக்காட்டி, அக்குழாய் நீர் உடலுக்கு ஆகாது என்று எழுதினார். உலகம் கேட்க நெடுங்காலம் ஆயிற்று. 2016ஆம் ஆண்டு இந்திய அரசு வகுத்த விதி, வீட்டுப் பூச்சுகளில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் அடக்கியது. குழந்தையின் மூளைக்குத் தீங்கு செய்யாத ஈய அளவு என ஒன்று அறியப்படவில்லை. ஆகவே தாத்தா காலத்து டப்பா, பெயர்ச்சீட்டு இல்லாத டப்பா ஆகியவற்றை எண்ணெய் விட்டுப் பிசையாதீர்கள். பொடித்துத் தூசியும் எழுப்பாதீர்கள்.

சிலிக்கோன் பசைக் குழலைப் பலர் வீணாக எறிகின்றனர். காற்றின் ஈரத்தை ஏற்று ரப்பராக இறுகும் பொருள் அது. இறுகியபின் எதிலும் கரைந்து பழைய நிலைக்கு வராது. ஆனால் பலசமயம் இறுகியிருப்பது மூக்கில் உள்ள ஓர் அங்குலம் மட்டுமே. நீண்ட திருகாணியை அதில் திருகி இழுத்தால் அடைப்பு முளைபோல் வெளிவரும். பின்னால் பசை புதிதாகவே இருக்கும். இரண்டு உருண்டைகளைப் பிசைந்து ஒட்டும் எப்பாக்சியோ கலந்தபின் மீளாது. ஆகையால் வேண்டிய அளவே கிள்ளிக் கலத்தல் நன்று.

டெஃப்லான் நாடாவுக்கு இத்தொல்லையே இல்லை. உலர்வதற்கு அதில் ஒன்றுமில்லை. அதன் பிறப்பு நம் பொருளுக்குப் பொருந்துவதால் சொல்கிறேன். 1938இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ராய் பிளங்கெட் என்னும் இளம் வேதியியலார் ஒரு வாயு உருளையைத் திறந்தார். வாயு வரவில்லை. எடை போட்டால் உருளை காலியாக இல்லை. ஓரமாகத் தள்ளிவிடாமல் அறுத்துப் பார்த்தபோது உள்ளே மெழுகு போன்ற வெண்பொடி இருந்தது. வாயுவின் அணுத்திரள்கள் தாமே சங்கிலியாகக் கோத்துக்கொண்டிருந்தன. அப்பொடியே இன்று மரையில் சுற்றும் நாடா.

இனி, பிவிசி குழாய்க்குரிய பசை. கடையில் சொலூஷன் என்று கேட்டு வாங்குகிறோம். இதில்தான் மிகுதியும் தவறு நேர்கிறது. பிவிசி பிசினை டெட்ராஹைட்ரோஃபியூரான், மெத்தில் எத்தில் கீட்டோன், சைக்ளோஹெக்சனோன் முதலிய கரைப்பான்களில் கரைத்துச் செய்வது இது. கரைப்பான் ஆவியாகி உலர்வதுதானே, சுண்ணாம்புக்கு நீர் விட்டதுபோல் இதற்கும் ஏதேனும் விட்டால் சரியாகாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றின் விடுதியில், மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயை மாற்ற வந்தவரும் அவ்வாறே எண்ணினார். கூழாகிப்போன பசையில் பெயிண்டுக் கடைத் தின்னரை ஊற்றிக் கலக்கி, இணைப்புகளை ஒட்டினார். நான்கு நாள் ஒரு துளியும் கசியவில்லை. ஐந்தாம் நாள் நள்ளிரவில் குழாய் எல்போவிலிருந்து கழன்றது. தொட்டி நீர் முழுதும் முற்றத்தில் ஓடிற்று. காலையில் அரையாண்டுத் தேர்வு. பிள்ளைகள் வாளி ஏந்தித் தெருக்குழாயில் வரிசையில் நின்றார்கள். கழன்ற முனையை வாங்கிப் பார்த்தேன். பசை ஏடாக உரிந்து வந்தது. அதன் கீழே குழாய் புதிதுபோல் பளபளத்தது. பசை குழாயைக் கடிக்கவே இல்லை!

அதுவே விடை. இப்பசை இரண்டு பொருள்களுக்கு நடுவே நின்று ஒட்டுவதன்று. குழாயின் மேற்பரப்பையே கரைத்து, இரண்டையும் உருகியவைபோல் ஒன்றாக்குவது. அதன் கரைப்பான்கள் ஒரே வேகத்தில் ஆவியாவதுமில்லை. முதலாவது 66 பாகை சென்டிகிரேடில் கொதிப்பது, இரண்டாவது 80 பாகையில், மூன்றாவது 150 பாகைக்கும் மேல். டப்பா திறந்து கிடந்தால் விரைவில் பறப்பது முதலில் பறக்கும். எஞ்சிய கலவை எந்த விகிதத்தில் நிற்கிறது என்று நாம் எப்படி அறிவது? கடைத் தின்னரால் அவ்விகிதம் மீளாது. மண்ணெண்ணெயிலும் பெட்ரோலிலும் பிவிசி கரைவதே இல்லை. ஆகவே சற்றே தடித்த பசை, நன்கு கிளறியதும் தூரிகையிலிருந்து சீராக வழிந்தால் பயன்படுத்தலாம். கூழாகவோ கட்டியாகவோ நூல் நூலாகவோ வந்தால் அழுத்த நீர் ஓடும் குழாய்க்கு அது ஆகாது. அடுப்பருகே வைத்து இளக்க முயல்வது பெருந்தீங்கு. அதன் ஆவி தீப்பற்றுவது. எரிவாயு இணைப்புகளில் மீட்ட பூச்சு எதையும் பயன்படுத்தக் கூடாது என்று தனியே சொல்லவும் வேண்டுமோ?

பசையைக் காப்பது, மீட்பதைவிட எளிது. சிறிய டப்பாவாக வாங்குக. ஒவ்வோர் இணைப்புக்கும் இடையே மூடியை மூடுக. வேலை முடியும்வரை திறந்து வைப்பதே வழக்கமாகிவிட்டது. மூடுமுன் விளிம்பைத் துடைத்தால் மூடி சரியாகப் படியும். வெயில் படாத இடத்தில், பூஜை விளக்குக்கும் அடுப்புக்கும் தொலைவில், சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். திறந்த நாளை ஒரு துண்டுத் தாளில் எழுதி டப்பாவின்மேல் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை அதைக் கையில் எடுப்பவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.