ஒரே கோடும் சமாந்தரக் கோடும்

இரண்டாம் உலகப் போரை அடுத்த காலத்தில், இங்கிலாந்திலே புதிய மோட்டார்க் கார் வாங்குவோர் கொள்வனவு வரி இறுக்க வேண்டியிருந்தது. பாகங்களாக வாங்கித் தம் கையாலேயே பூட்டிக்கொள்வோருக்கு அவ்வரி இல்லை. 1957 ஆம் ஆண்டில் கொலின் சாப்மன் வெளியிட்ட 'லோட்டஸ் செவன்' போன்ற கார்கள் பல வீட்டுக் கொட்டகைகளிலே உருப்பெற்றமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். 1973 இல் அவ்வரி ஒழிந்தது. வீட்டிலே கார் கட்டும் ஆர்வமோ ஒழியவில்லை.

ஒரு வண்டியின் எஞ்சினையும் வேறொரு வண்டியின் கியர்ப்பெட்டியையும் தாமே செய்த சட்டகத்தில் ஏற்றுபவர்களை ஓர் இடர் காத்திருக்கிறது. பல மாத உழைப்பின் பின் வண்டி தெருவுக்கு வருகிறது. மெல்லச் செல்லும்வரை குறையில்லை. வேகம் ஏறியதும் ஆசனம் அதிர்கிறது. சில்லுகளைச் சமன்படுத்தியும் பயனில்லை. குற்றம் சில்லிலன்று, எஞ்சினின் ஆற்றல் பின்சில்லுக்குச் செல்லும் வழியிலே உள்ளது.

அவ்வழியில் இரண்டு இடங்களைக் கவனித்தல் வேண்டும். இரண்டுக்கும் விதி ஒன்றன்று.

முதலாவது, எஞ்சினும் கியர்ப்பெட்டியும் சேருமிடம். இங்கே இரு தண்டுகளின் மையமும் ஒரே கோட்டில் அமைதல் வேண்டும். எஞ்சினின் பின்புறமுள்ள பாரச்சில்லில் டயல் கேஜைப் பொருத்தி, கியர்ப்பெட்டி வந்து பொருந்தும் துளையின் விளிம்பை அதன் முனை தொடுமாறு வைத்து, எஞ்சினைக் கையால் ஒரு முழுச்சுற்றுச் சுற்றவேண்டும். முள்ளின் மொத்த அசைவு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து பங்கைத் தாண்டினால் திருத்தம் தேவை என்பது பொதுவழக்கு. அதனைப் புறக்கணித்தால் கிளச்சு செவ்வையாக விடாது. கியர்ப்பெட்டியின் போரிங்கும் விரைவிலே தேயும்.

இரண்டாவது, கியர்ப்பெட்டிக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள நீண்ட தண்டு. இதையும் ஒரே கோட்டில் நிறுத்த முயல்வதே பலர் செய்யும் பிழை. தண்டின் இரு முனைகளிலும் உள்ள மூட்டுகள் சாய்ந்து இயங்கவே அமைக்கப்பட்டவை. ஆயினும், சாய்ந்த மூட்டு சீரான சுழற்சியைச் சீராகக் கடத்துவதில்லை. சாய்வு 30 பாகையாயின், நிமிடத்துக்கு 1000 சுற்றாக வரும் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை 866க்கும் 1155க்கும் இடையில் ஏறி இறங்கும். முதல் மூட்டு விளைத்த இந்தக் கோணலை இரண்டாம் மூட்டு நிமிர்த்தவேண்டுமாயின், இரு சாய்வுகளும் சமமாக இருத்தல் வேண்டும். தண்டின் இரு கவைகளும் ஒரே தளத்தில் நிற்றல் வேண்டும். அதாவது, கியர்ப்பெட்டியின் பின்தண்டும் பின் அச்சினுள் நுழையும் தண்டும் தம்முள் சமாந்தரமாயிருந்தாற் போதும்; ஒன்று மேலும் மற்றது கீழும் இருக்கலாம். சாய்வு இரண்டு மூன்று பாகைக்குள் அடங்குவது நன்று. சாய்வு அறவே இல்லையெனில் மூட்டினுள் இருக்கும் ஊசி உருளைகள் உருளாது ஓரிடத்தையே அழுத்திக் குழியாக்கும்.

இவற்றை அளக்கும்போது வண்டியைத் தூக்கி நிறுத்தலாகாது. சில்லுகள் நிலத்திலே ஊன்றி, வழக்கமான பாரம் வண்டியில் ஏறியிருத்தல் வேண்டும். எஞ்சின் தாங்கிகளை நிலையாக ஒட்டுவதற்கு முன்னரே அளவு முடிதல் வேண்டும். அளக்கச் செலவாவது ஒரு மாலைப்பொழுது. ஒட்டியதை அறுத்து மீண்டும் ஒட்டுவதற்கோ பல வாரம் செல்லும்.