காய்ச்சலோடு வரும் வலிப்பு



நம் குழந்தைகள் வார்டைப் பற்றிப் பேசும்படி பெண்கள் ஐக்கிய சங்கத்தார் எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். வார்டில் எத்தனையோ வியாதிகள் இருக்க, ஒன்றைப் பற்றி மாத்திரம் பேச வந்திருக்கிறோம். இதனால் பிள்ளைகள் சாவது மிக மிக அபூர்வம். ஆனாலும் இதைப்போலத் தாய்மாரை நடுங்கவைக்கிற வியாதி வேறொன்றை நாங்கள் பார்த்ததில்லை. காய்ச்சலோடு வரும் வலிப்புதான் அது. மாந்தம் என்றும் இழுப்பு என்றும் நம் பாட்டிமார் சொல்வார்கள். இப்போதெல்லாம் "ஃபிட்ஸ்" என்கிறார்கள்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இது வருகிறது. நூறு பிள்ளைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரும் என்பது கணக்கு. காய்ச்சல் ஏறும்போது கண் மேலே செருகும், உடம்பு விறைக்கும், கை கால் வெட்டி வெட்டி இழுக்கும், உதடு நீலம் பாயும். பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். பிறகு பிள்ளை அயர்ந்து தூங்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்ததே வலிப்பு வந்த பிறகுதான் அநேக வீடுகளில் தெரியவருகிறது.

அந்த மூன்று நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதை நீங்கள் கேட்க வேண்டும். காசிமேட்டு வீடாயிருந்தால் தகப்பன் கடலுக்குப் போயிருப்பார். திருவொற்றியூரானால் கம்பெனியில் நைட் ஷிப்ட். தாய் ஒருத்தியாக அலறுவாள். தெருவே ஓடிவரும். ஒருவர் சாவிக்கொத்தைப் பிள்ளையின் கையில் திணிப்பார். ஒருவர் நாக்கைக் கடித்துக்கொள்ளும் என்று கரண்டிக் காம்பைப் பல்லுக்கிடையில் விடுவார். ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்றுவார். இன்னொருவர் கையையும் காலையும் அமுக்கிப் பிடிப்பார். எல்லாம் அன்பினால் செய்வதுதான். ஆனால் வலிப்பினால் வராத கேடு இவற்றினால் வருகிறது. கரண்டியால் பல் உடைகிறது, உள்வாய் கிழிகிறது. ஊற்றிய தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போகிறது. சில வீடுகளில் சூடு போட்டுவிட்டும் கொண்டுவருகிறார்கள். அந்தத் தழும்பு வலிப்பு மறந்த பிறகும் மறையாது.

சாவிக்கொத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளைகளிடம் இந்த வலிப்பு சற்று அதிகமாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்லுகின்றன. ஆகையால் இரும்பு வேண்டியதுதான். கையில் கொடுப்பதைக் காட்டிலும், இரத்தத்தைச் சோதித்துப் பார்த்து மருந்தாகவும், முருங்கைக்கீரையாகவும் கேழ்வரகாகவும் வயிற்றுக்குள் கொடுப்பது உத்தமம்.

செய்யவேண்டியது மிகக் கொஞ்சம். பிள்ளையைத் தரையில் பாய்மேல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சிலும் வாந்தியும் வெளியே வழியட்டும். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், அமுக்கிப் பிடிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். தாய்மாருக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பதில் மிகக் கடினமானது இந்தக் கடிகாரம் பார்ப்பதுதான். அரை நிமிடம் அரை மணியாகத் தோன்றும் நேரம் அது.

ஐந்து நிமிடம் தாண்டினால் காத்திருக்கக்கூடாது. 108-ஐ அழைக்கவேண்டும். தமிழ்நாட்டில் 2008-ல் தொடங்கிய இந்த ஆம்புலன்ஸ் சேவை நம் பகுதிக்குப் பெரிய உதவி. ஆனாலும் எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும் நாட்களில் ஆம்புலன்ஸ் எப்படி வந்து சேரும் என்பதை இங்கே இருக்கிற உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதனால்தான் வலிப்பு நீளக்கூடிய பிள்ளைகளின் வீட்டில், மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்ப்ரேயை மருத்துவர் எழுதிக் கொடுத்து, உபயோகிக்கும் விதத்தைக் கற்றுத்தந்து வைத்திருக்கச் சொல்கிறோம்.

முதல் தடவை வலிப்பு வந்தால், அது நின்றுவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டியாகவேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளை, ஒரு பக்கம் மட்டும் இழுத்தது, ஒரே நாளில் இரண்டாம் முறை வந்தது, நின்ற பிறகும் தெளியாமல் கிடப்பது, விடாத வாந்தி, கழுத்து விறைப்பு, உச்சிக்குழி புடைப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் மூளைக்காய்ச்சலோ என்று பார்த்தே தீரவேண்டும். அப்போது முதுகில் நீர் எடுக்கவேண்டியும் வரலாம். அதற்குப் பயந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு.

இனி, திரும்பத் திரும்ப வருவதைப் பற்றி. ஒருமுறை வந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மறுபடியும் வருகிறது. ஒன்றரை வயதுக்கு முன்னே வந்தவர்களுக்கும், பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ வந்திருந்தவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். வார்டில் நாங்கள் விசாரிக்கும்போது, "இவங்க அப்பனுக்கும் மூணு வயசு வரைக்கும் இப்படித்தான் இழுத்துச்சு" என்று ஒரு பாட்டி மெதுவாகச் சொல்லுவார். அந்த ஒரு வார்த்தைக்கு அந்த மருமகளின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறோம். அதுவரை குற்றமெல்லாம் அவள் தலையில் இருந்தது. "நேரத்துக்கு மருந்து கொடுத்தியா? தலைக்கு ஏன் ஊத்தினே? காத்துல ஏன் தூக்கிட்டுப் போனே?" இரண்டாம் முறை, மூன்றாம் முறை வந்த வீடுகளில் தாய் இரவெல்லாம் தூங்காமல் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். பிள்ளையைக் குளிப்பாட்டுவதில்லை, பால்வாடிக்கு அனுப்புவதில்லை. மீன் ஏலத்துக்கோ எக்ஸ்போர்ட் கம்பெனிக்கோ போய்வந்த வேலையையும் விட்டுவிடுகிறாள்.

அவளுக்கு நாங்கள் முதலாவது சொல்லுவது இதுதான்: பாராசிட்டமால் பிள்ளையின் வலியையும் அசதியையும் குறைக்கும், ஆனால் வலிப்பை அது தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே ஒரு வேளை மருந்து தவறியதால் வந்தது என்று யாரும் அவளைக் குற்றஞ்சாட்ட முடியாது. மருந்தைக் கொடுக்கட்டும், எடைக்குத் தக்க அளவில். ஒரே பெயருள்ள சிரப் பாட்டிலில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராமும் உண்டு, 250 மில்லிகிராமும் உண்டு. பயத்தில் இரட்டிப்பாக ஊற்றிவிடுகிறவர்கள் அநேகர்.

அடுத்த கேள்வி, "புள்ளை மூளை கெட்டுப்போயிடுமா?" என்பது. அமெரிக்காவில் காரின் நெல்சன், ஜோனஸ் எல்லன்பெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட 1,706 பிள்ளைகளை ஏழு வயது வரை கவனித்து, 1976-லும் 1978-லும் எழுதினார்கள். அந்த வலிப்பினால் ஒரு பிள்ளையும் இறக்கவில்லை. ஏற்கெனவே நலமாயிருந்த பிள்ளைகளுடைய அறிவுத்திறன், வலிப்பு வராத கூடப்பிறந்தவர்களைவிடக் குறையவில்லை. ஏழு வயதுக்குள் காய்ச்சல் இல்லாமலும் வலிப்பு வரும் நோயானது நூறில் சுமார் இரண்டு பேருக்குத்தான்.

தினமும் மாத்திரை கொடுத்தால் நின்றுவிடாதா என்றால், ஒரு காலத்தில் பீனோபார்பிட்டால் அப்படித்தான் வருஷக்கணக்கில் கொடுக்கப்பட்டது. 1990-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், இரண்டு வருஷம் அதைச் சாப்பிட்ட பிள்ளைகளின் அறிவுத்திறன் சராசரியாக 8 புள்ளி குறைந்திருந்தது. வலிப்பும் நிற்கவில்லை. அதோடு அந்த வழக்கம் போயிற்று. காய்ச்சல் நாட்களில் மாத்திரம் வாய்வழி கொடுக்கும் குளோபசம் என்ற மருந்தை நம் நாட்டில் பல மருத்துவர்கள் எழுதுகிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2005-ல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், அதைச் சாப்பிட்ட பிள்ளைகளுக்கு வலிப்பு குறைவாகவே திரும்பியது. தள்ளாட்டமும் தூக்கமும் உண்டாகலாம். எல்லாப் பிள்ளைக்கும் அவசியமில்லை. அடிக்கடி வரும் பிள்ளைக்கும், மருத்துவமனைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறவர்களுக்கும் மருத்துவர் தீர்மானித்துக் கொடுப்பது.

தடுப்பூசி போட்டால் காய்ச்சல் வரும், காய்ச்சலில் வலிப்பு வரும் என்று ஊசியையே நிறுத்திவிடுகிறார்கள். ஊசிக் காய்ச்சலில் சில பிள்ளைகளுக்கு வலிப்பு வருவது உண்மைதான். ஆனால் தட்டம்மையே வந்தால் அந்தக் காய்ச்சல் எவ்வளவு கொடியது, மூளையை எப்படித் தாக்கும் என்பதை வயதான நர்சுகளைக் கேளுங்கள். முன்பு வலிப்பு வந்ததை மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஊசியைப் போட்டுக்கொள்ளவேண்டும்.

எண்ணூரிலிருந்து வருகிறவர்கள் வேறொன்றும் கேட்கிறார்கள்: "இந்தப் புகையாலயா?" 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் வந்தது. அந்த மாதமே 26-ந்தேதி இரவு அமோனியா கசிந்து ஜனங்கள் மூச்சுத்திணறி வெளியே ஓடினார்கள். அப்படிக் கேட்க அவர்களுக்கு நியாயம் இருக்கிறது. இந்த வலிப்புக்குக் காரணம் காய்ச்சலும் பிறவியில் வரும் சுபாவமும் என்றே நாங்கள் பதில் சொல்கிறோம். புகையால் வரும் இருமலும் இழைப்பும் தனி வியாதி, அதற்குத் தனியாகக் காட்டுங்கள் என்கிறோம்.

உங்கள் காணிக்கை எங்கே போகிறது என்று கேட்டீர்கள். வலிப்பு வந்து வீடு திரும்பும் ஒவ்வொரு பிள்ளையோடும் ஒரு தெர்மாமீட்டரும், பெரிய எழுத்தில் அச்சடித்த அட்டை இரண்டும் கொடுத்தனுப்புகிறோம். பிள்ளையின் எடை, மருந்தின் அளவு, ஐந்து நிமிடம், 108 என்பவை அதில் இருக்கும். இரண்டாவது அட்டை பக்கத்து வீட்டுக்காரருக்கு. ஏனென்றால் கரண்டியோடு முதலில் ஓடிவருகிறவர் அவர்தான்.