பூட்டிக் கிடக்கும் அறை பிள்ளைகளுடையது

(மட்டக்களப்பில் முன்பள்ளி ஆசிரியைகளும் தாய்மாரும் கூடிய கூட்டத்தில் எமது சங்கத்தின் மாதர் பிரிவுத் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் மலையில் கொழுந்து பறித்தவள். வாவிக்கரையில் உனக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். 1977இலும் 1983இலும் லயத்தை விட்டு ஓடிவந்த எங்கள் சனத்தில் பலருக்கு இந்தக் கிழக்கு மண் இடம் கொடுத்தது. அந்த உறவில் வந்திருக்கிறேன். நீங்கள் கேட்ட கேள்வியும் எங்களுக்குப் பழகிய கேள்விதான். முன்பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது, வாடகைக்குக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். கொடுக்கலாமா?

முதலில் எங்கள் கதையைச் சொல்கிறேன். தோட்டத்தில் தாய் மலைக்குப் போகும்போது குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் ஆயம்மாவிடம் விட்டுப் போவாள். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போயின. அதன் பிறகு பிள்ளைமடுவத்துக்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர் வந்தது. பல இடங்களில் கட்டடமும் திருந்தியது. ஆனால் இளம் தாய்மார் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போகப் போகத் தொட்டில்கள் காலியாகின.

எங்கள் தோட்டத்தில் காலியான ஓர் அறையில், இரண்டு மாதத்துக்கு மட்டும் என்று சொல்லி உர மூட்டைகளை அடுக்கினார்கள். சும்மா கிடக்கிற அறைதானே என்று நாங்களும் பேசாமல் இருந்துவிட்டோம். பக்கத்து அறையில் பிள்ளைகள் இருமினார்கள். இரண்டு மாதம் நான்கு வருடமானது. பிள்ளைகள் மறுபடி கூடியபோது அறையைக் கேட்டோம். "அது ஸ்டோர் ஆச்சே" என்று பதில் வந்தது.

இந்த அறைக்குப் பின்னால் தொழிலாளியின் உரிமையும் இருக்கிறது. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன்படி ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தையின் தாய்க்கு ஒன்பது மணி நேர வேலையில் இரண்டு தடவை பாலூட்டும் இடைவேளை உண்டு. தொழில் கொடுப்பவர் பிள்ளைமடுவமோ தகுந்த வேறு இடமோ வைத்திருந்தால் ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம். வைத்திராவிட்டால் ஒவ்வொரு மணி நேரம். பிள்ளைமடுவத்தை மூடினால் இடைவேளை கூட வேண்டும் என்பதை எத்தனை தாய்மார் கேட்டு வாங்குகிறோம்?

இனி உங்கள் அறைக்கு வருவோம். யார் யார் கேட்கிறார்கள் என்று சொன்னீர்கள். நெல் மூட்டை அடுக்க ஒருவர், வலை வைக்க ஒருவர், தையல் வகுப்புக்கு ஒருவர், வாராவாரம் தவணை வசூலிக்க ஒரு நுண்கடன்காரர். ஆசிரியைக்குக் கிடைக்கும் கொடுப்பனவு எவ்வளவு சொற்பம் என்று எனக்குத் தெரியும். கூரை ஒழுகுவதையும் பார்த்தேன். அதனால் வாடகையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் பிள்ளைகள் ஏன் குறைந்தார்கள் என்று முதலில் கேளுங்கள். முன்பள்ளி நண்பகலோடு முடிகிறது. வயலுக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் போகிற தாய் பின்னேரம்தான் வீடு திரும்புகிறாள். நண்பகலுக்குப் பிறகு அவள் பிள்ளை எங்கே இருக்கும்? அந்த அறையில் பாய் விரித்து, ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து, பின்னேரம் வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கணக்குப் போடுங்கள். அறைக்கு நல்ல குடியிருப்பாளர் பிள்ளைதான்.

அதுவும் சரிவரவில்லை என்றால் வாடகைக்குக் கொடுங்கள். கொடுக்கும் முன் ஐந்து விடயங்களைப் பாருங்கள்.

ஒன்று, கட்டடமும் காணியும் யாருடையவை? கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கட்டடம் என்றால் சங்கம் கூடித் தீர்மானிக்க வேண்டும். அரச காணி என்றால் முதலில் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

இரண்டு, வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். எழுதும்போது காலத்தைக் குறுக்கியே எழுதுங்கள். பிள்ளைகள் கூடினால் அறை திரும்பி வர வேண்டும்.

மூன்று, பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் வெளியாள் உள்ளே வரக்கூடாது. வாசலும் மலசலகூடமும் வேறாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பின்னேரமும் சனி, ஞாயிறும் மட்டும் கொடுங்கள். தையல் வகுப்புக்கு அது போதும்.

நான்கு, உரம், பூச்சிமருந்து, மண்ணெண்ணெய், சாராயம் எதுவும் அந்தக் கூரையின் கீழ் வரக்கூடாது. நுண்கடன் வசூலும் வேண்டாம். தவணை கட்ட முடியாத தாய், கடன்காரர் இருக்கும் இடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிவரத் தயங்குவாள். அப்படி இன்னொரு பிள்ளையும் குறையும்.

ஐந்து, வாடகைப் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். கையொப்பமிடும் இருவரில் ஒருவர் பெற்றோராக இருக்கட்டும். பிள்ளைகளின் சாப்பாடு, கூரை, ஆசிரியையின் கொடுப்பனவு என்று போன செலவை மாதாமாதம் சுவரில் ஒட்டுங்கள்.

நாங்கள் அன்று ஒரு வார்த்தை கேட்காமல் இருந்ததால் நான்கு வருடம் அறையை இழந்தோம். நீங்கள் சாவியைக் கொடுக்கும் முன்பே கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சாவி தாய்மாரின் கையிலேயே இருக்கட்டும்.