பழைய காரும் புதிய நாடும்



புதிய நாடொன்றைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மலிவான பழைய கார் ஒன்றை வாங்க வேண்டும் என்று நான் சொன்னால் உங்களிற் பலர் சிரிப்பீர்கள். பழைய கார் நடுவழியில் நின்றுவிடுமே என்பீர்கள். நிற்கும், உண்மைதான். அது நிற்பதுதான் நல்லது என்பதே இன்றைக்கு என்னுடைய கட்சி.

1953ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகரத்து இளைஞர் ஒருவர் இப்படி ஒரு காரில் கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். அவர் பெயர் நிக்கொலா பூவியே. வயது இருபத்துநான்கு. தியரி வெர்னே என்ற ஓவிய நண்பர் பெல்கிரேட் நகரில் அவரோடு சேர்ந்துகொண்டார். கார், ஃபியற் தொப்பொலீனோ. தொப்பொலீனோ என்றால் இத்தாலிய மொழியிலே சுண்டெலி. இயந்திரத்தின் கொள்ளளவு 569 சிசி. இன்றைய மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றில் இதைவிடப் பெரியது உண்டு. ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். இரண்டு ஆண்டுப் பயணம் என்று திட்டமிட்டவர்களிடம் நான்கு மாதச் செலவுக்கே பணம் இருந்தது. ஒருவர் படம் வரைந்து விற்றார். மற்றவர் கட்டுரை எழுதினார், பிரெஞ்சு மொழி படிப்பித்தார். துருக்கியைக் கடந்து, ஈரானின் தப்ரீஸ் நகரில் ஒரு பனிக்காலம் முழுவதும் தங்கினார்கள்.

பாகிஸ்தானின் குவெட்டாவில் ஒரு சம்பவம். அந்தப் பனிக்காலத்தில் பூவியே எழுதிச் சேர்த்த தாள்களை எல்லாம் குப்பை என்று நினைத்து விடுதிப் பையன் எறிந்துவிட்டான். நண்பர்கள் இருவரும் ஊர்க் குப்பைமேட்டுக்குப் போய்க் கிளறினார்கள். ஒரு சில துண்டுகள்தாம் அகப்பட்டன. இழந்ததை மறுபடி நினைவிலிருந்து எழுதி, 1963இலேதான் அவர் தமது நூலைத் தம் செலவிலேயே வெளியிட்டார். இன்று பிரெஞ்சு மொழியின் பயண இலக்கியத்திலே அது முதல் வரிசையில் வைத்துப் பேசப்படுகிறது.

நமக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். பூவியேயின் பயணம் 1955இல் நமது காலியில் வந்து முடங்கியது. கோட்டைக்குள்ளே ஓர் அறையில் காய்ச்சலோடும் பூச்சிகளோடும் தனிமையோடும் மாதக்கணக்காகக் கிடந்தார். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அந்த நாட்களை வைத்து 'தேள்மீன்' என்ற சிறு நூலை எழுதினார்.

இந்த நூல்களை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தபோது எனக்கு மதிப்பும் வந்தது, கொஞ்சம் பொறாமையும் வந்தது. எங்கிருந்தோ வந்த ஒருவர் காலி வரை போய்விட்டார். நானோ தெஹிவளையில், காலி வீதியிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருப்பவன். 1979இல் உத்தியோகத்துக்காக வந்தேன். 1983 ஜூலைக்குப் பிறகு அகதிகளோடு அகதியாகக் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய், உத்தியோகம் இழுக்கவே திரும்பி வந்தேன். அதன் பின் என் உலகம் வடக்கே கொட்டாஞ்சேனை, நடுவே வெள்ளவத்தை, தெற்கே கல்கிசை என்று ஒடுங்கிவிட்டது. கல்கிசைக்கு அப்பால் காலி வீதி எனக்கு வேறு நாடு.

2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த உடன்படிக்கை கையெழுத்தானது. ஏப்ரலில் ஏ-9 வீதியால் சனங்கள் யாழ்ப்பாணம் போகத் தொடங்கினார்கள். சொந்தக் காரில் ஊருக்குப் போக வேண்டும் என்று எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. கையிலிருந்த காசுக்கு அகப்பட்டது 1962ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று. நல்ல ஜப்பான் மோட்டார் சைக்கிள் ஒன்றின் விலைதான்.

மொறிஸ் மைனரை அறியாத இலங்கையர் குறைவு. 1948இல் லண்டன் கண்காட்சியிலே அறிமுகமான கார் அது. 1960இன் முடிவில் பத்து இலட்சமாவது மைனர் வெளிவந்தது. பிரித்தானியக் கார்களிலே அந்த எண்ணிக்கையை முதலில் தொட்டது அதுதான். அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், 1922இல் ஸ்மேர்னா நகரிலிருந்து பெற்றோருடன் அகதியாக வெளியேறிய பையன் என்பது எனக்குப் பின்னர்தான் தெரியவந்தது. அறுபதுகளிலே இங்கு அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுகியபோது, இருந்த மைனர்களையே நம்மவர்கள் ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள்.

ஒழுங்கைக் கராஜில் பாஸ் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாத்தயா, யாழ்ப்பாணம் பிறகு. முதலில் காலி வரை ஓட்டிப் பாருங்கள். நின்றால் நான் வரக்கூடிய தூரம்" என்றார். பூவியேயின் ஊர் அல்லவா, நானும் சம்மதித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியுடன் புறப்பட்டேன். பாணந்துறை, களுத்துறை, பேருவளை எல்லாம் கடந்தாயிற்று. அம்பலாங்கொடையைத் தாண்டியதும் மனைவி, "இஞ்சாருங்கோ, புகை வருது" என்றாள். ரேடியேட்டர் கொதித்துவிட்டது. ஓரமாக நிறுத்தினேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தென்னந்தோட்டம். என் சிங்களம் கந்தோரிலே கோப்புகளுக்குப் போதுமான சிங்களம். வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும். அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றேன். உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா? பயம்தான்.

கடற்பக்கத்துச் சிறு வீட்டிலிருந்து ஓர் அம்மா வாளியோடு வந்தார். அறுபது வயதிருக்கும். காரைப் பார்த்துச் சிரித்தார். சூடு ஆறட்டும் என்று எங்களைத் திண்ணையில் இருத்தித் தேத்தண்ணீர் தந்தார். எந்த ஊர் என்று கேட்டார். தெஹிவளை என்றேன். அதற்கு முன் என்றார். சற்றுத் தயங்கி, யாழ்ப்பாணம் என்றேன்.

அவர் முகம் மாறவில்லை. கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, "அங்கே தண்ணீர் உப்பாமே, மெய்யா?" என்று கேட்டார். மகன் இராணுவத்தில், பலாலியில். தேத்தண்ணீர்கூடக் கரிக்கிறது என்று கடிதம் எழுதியிருந்தானாம்.

நேயர்களே, என் சொந்த ஊர் வசாவிளான். பலாலிக்குப் பக்கம். 1990இலே எங்கள் சனங்கள் உடுத்த உடுப்போடு வெளியேறினார்கள். பிறகு அந்த ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. அந்த அம்மாவின் பிள்ளை இருந்தது என் ஊர் எல்லையில். இதை எப்படிச் சொல்வது? சொல்லாமல்தான் எப்படி இருப்பது?

"ஊருக்கு ஊர் வித்தியாசம், அம்மே. தீவுப் பக்கம் உப்பு. செம்மண் பக்கத்தில் நல்ல தண்ணீர் உண்டு" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். ஏதோ ஒன்று உந்த, "வசாவிளானிலே எங்கள் வீட்டு வளவில், பின்பக்கத்து வேம்புக்குக் கீழே ஒரு கிணறு. தேங்காய்த் தண்ணீர்போல இருக்கும். மகனுக்கு எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டேன்.

அம்மா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். ஒன்றும் பேசவில்லை. ரேடியேட்டருக்கு வாளித் தண்ணீரை வார்த்த பிறகு, உள்ளே போய் இரண்டு போத்தல்களில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்து பின்ஆசனத்தில் வைத்தார். வழிக்கு என்றார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. பெயரைக் கேட்க மறந்துபோனேன்.

காலிக் கோட்டையையும் பார்த்தோம். அதைப்பற்றிச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த ஆண்டிலேயே மைனர் யாழ்ப்பாணமும் போய் வந்தது. ஆனால் வசாவிளானுக்குப் போக முடியவில்லை. முட்கம்பிக்கு இப்பால் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. பெரலியவில் புகையிரதத்தையே புரட்டிய அலை அது. இரண்டு மாதம் கழித்துப் போனேன். கடற்பக்கத்திலே வீடுகள் இருந்த இடங்களில் சீமெந்துத் தரைகள் மாத்திரம் இருந்தன. எந்தத் தரை அந்தத் திண்ணை என்று எனக்குப் பிடிபடவில்லை. பெயர் தெரியாத ஒருவரை யாரிடம் விசாரிப்பது? மகன் பட்டாளத்தில் இருந்த அம்மா என்றேன். இந்தக் கரையில் அப்படி எத்தனையோ அம்மாக்கள் என்றார்கள். குப்பைமேட்டைக் கிளறிய அந்த இரண்டு நண்பர்களையும் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அவர்களுக்காவது சில துண்டுகள் அகப்பட்டன.

2011இலே காலிக்கு அதிவேக வீதி திறந்தார்கள். இப்போது இடையில் எங்கும் நிற்க வேண்டிய தேவையில்லை. நல்லதுதான். ஆனால் நிற்காமல் போகிறவனிடம் யார் வந்து தண்ணீரைப் பற்றி விசாரிக்கப் போகிறார்கள்?

2015இல் வசாவிளானில் ஒரு பகுதியை விடுவித்தபோது, எங்கள் காணியும் அதற்குள் வந்தது. அதே மைனரில்தான் போனேன். வீடு இல்லை. பற்றை மண்டிக் கிடந்தது. வேம்பு மட்டும் பருத்து நின்றது. பற்றையை வெட்டிக் கிணற்றடிக்குப் போனேன். உள்ளே தண்ணீர் தெளிவாகத் தெரிந்தது. கட்டிலே கயிறு உராய்ந்த தடங்கள். எங்கள் காலத்துத் தடங்கள் பாசி மூடிக் கிடந்தன. அவற்றுக்குச் சற்றுத் தள்ளி இன்னொரு தடம், அவ்வளவு பழையதல்ல. நாங்கள் போன பிறகு யாரோ அள்ளிக் குடித்திருக்கிறார்கள்.